இதுல ஒண்ணுமில்ல

மூன்று கிண்ணங்களில் இரண்டைத் தொட்ட அடையாளமே இல்லை. மூன்றாவதில் மசித்த உருளைக்கிழங்கு, அதன் நடுவில் ஒரே ஒரு கரண்டிக் குழி. எடுத்த அந்த ஒரு வாயும் வயிற்றுக்குப் போகவில்லை. காகிதத்தில் பொட்டலமாகச் சுருட்டப்பட்டுக் கிண்ணத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. எச்சில் தட்டுகள் திரும்பி வரும் ஜன்னலுக்கு உள்பக்கம் நின்றிருந்த சமையலக்கா அந்தக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள்தானே போட்டாள்.

பல்கலைக்கழகத்துப் பெண்கள் விடுதியில் பதினோரு வருடமாக நானூறு பேருக்குச் சமைக்கிறவள் சமையலக்கா. சமையலுக்கு மதிப்பெண் போடுவது பரிமாறுகிற பக்கத்தில் இல்லை, தட்டு திரும்பி வருகிற பக்கத்தில்தான் என்பது அவளுடைய கொள்கை. பரிமாறும்போது எல்லாப் பிள்ளைகளும் சிரிப்பார்கள், "சூப்பர்க்கா" என்பார்கள், அப்புறம் பாதியைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் போவார்கள். அதனால் கடைசி வரிசை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு இந்த ஜன்னலுக்கு வந்துவிடுவாள். தட்டைப் பார்த்தே யாருக்குப் பரீட்சை, யாருக்கு மனக்கசப்பு, யாருக்கு வீட்டிலிருந்து நல்ல செய்தி என்று சொல்லிவிடுவாள். பத்துக்கு மூன்று தப்பாகப் போகும். அந்த மூன்றை அவள் ஞாபகத்தில் வைத்துக்கொள்வதில்லை.

அந்தப் பெண்ணுக்குச் சமையலறையில் வைத்த பெயர் 'மூணு கிண்ணம்'. வைத்தது பரிமாறுகிற அண்ணன். எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரு பருக்கை கூடாது குறையாது என்று கரண்டி பிடிப்பதால் அவருக்கே 'அளவு' என்று பெயர். பெண் முதலாண்டு கணிதம். ஒல்லி, தடித்த கண்ணாடி, எப்போதும் வரிசையின் கடைசி ஆள். தட்டு வேண்டாம் என்பாள். மூன்று கிண்ணம் கேட்பாள்: ஒன்றில் வெறும் சோறு, ஒன்றில் தயிர், ஒன்றில் மசித்த உருளைக்கிழங்கு. ஒன்று இன்னொன்றோடு ஒட்டக்கூடாது. பக்கத்துத் தட்டுக் குழம்பு கிண்ணத்தில் தெறித்தால்கூடப் போச்சு, முகம் வெளுத்துவிடும். தோழிகள் முதல் மாதம் கேலி செய்தார்கள், இரண்டாவது மாதம் புத்தி சொன்னார்கள், மூன்றாவது மாதம் வேறு மேசைக்குப் போய்விட்டார்கள். அதிலிருந்து தனியாகத்தான் சாப்பிடுகிறாள், சுவரைப் பார்த்தபடி.

கிண்ணத்தை வாங்கும்போது தினமும் ஒரே கேள்வி கேட்பாள்.

"அக்கா, இதுல வேற ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணுமில்லம்மா."

பெருமாள் கோவில் மணி மாதிரி என்றெல்லாம் சொல்ல வேண்டாம். சாதாரணமாக, பஸ்ஸில் டிக்கெட் வாங்குகிற மாதிரி, தினமும் அந்தக் கேள்வி, தினமும் அந்தப் பதில். அந்தப் பதிலை வாங்கிக்கொண்ட பிறகுதான் அவளுடைய தோள் கொஞ்சம் இறங்கும். அப்புறம் கிண்ணங்கள் மூன்றும் துடைத்து வைத்ததுபோலத் திரும்பி வரும். ஆறு மாதம் இப்படியே போயிற்று.

பிரச்சினை என்னவென்றால், சமையலக்காவுக்கு அது போதவில்லை. பெண் குளிர் மாதத்தில் இன்னும் மெலிந்துபோனாள். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். "மூணு வெள்ளையத் தின்னு ஒருத்தி எப்படி உயிரோட இருப்பா?" என்று சமையலக்கா அளவிடம் புலம்பினாள். வீட்டில் ஒரு மகனை வளர்த்தவள் அவள். கீரை என்றால் எட்டு ஊருக்கு ஓடுகிற பிள்ளை. முட்டை அடைக்குள் கீரையை மடித்து, பாலில் பழத்தைக் கரைத்து, அவனுக்குத் தெரியாமலே ஊட்டி ஆளாக்கினாள். தன் வாழ்க்கையில் தான் செய்த கெட்டிக்காரத்தனங்களில் முதல் இடம் அதற்குத்தான் என்று நினைத்திருந்தாள். அந்தக் கெட்டிக்காரத்தனம் இப்போது கையை அரித்தது.

காலிஃபிளவரும் வெள்ளைதானே. நன்றாக வேகவைத்து, மைய அரைத்து, செவ்வாய்க்கிழமை உருளைக்கிழங்கில் ஒரே ஒரு கரண்டி கலந்தாள். கிண்ணம் காலியாக வந்தது. அன்று முழுவதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. புதன்கிழமை இரண்டு கரண்டி, பாதிதான் காலியானது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வியாழக்கிழமை மூன்று கரண்டி போட்டாள்.

அன்று அந்தப் பெண் ஒரு வாய் வைத்ததும் எழுந்து கவுன்டருக்கே வந்துவிட்டாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இரண்டாம் முறை வாங்க ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள்.

"அக்கா, இதுல வேற ஏதாவது போட்டீங்களா?"

"ஒண்ணுமில்லம்மா. எப்பவும் போலத்தான்."

"இல்லக்கா, வேற மாதிரி இருக்கு. ரெண்டு நாளாவே."

அளவுக்கு வரிசை நகர வேண்டும். "அதெல்லாம் மனப்பிரமைம்மா. உருளைக்கிழங்குல உருளைக்கிழங்கு இல்லாம வேற என்ன இருக்கும்?" என்றார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். சமையலக்கா வாயை மூடிக்கொண்டிருந்தாலாவது பாதிப் பாவம் குறைந்திருக்கும். அவளோ மாட்டிக்கொண்ட பதற்றத்தில் ஒரு படி மேலே போனாள்.

"ஆமாம்மா. உனக்குத்தான் அப்படித் தோணுது."

பெண் கிண்ணத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். "ஓ. சாரிக்கா," என்றாள். சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். அந்த 'சாரி'தான் சமையலக்காவுக்குத் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கியது.

வெள்ளிக்கிழமை மூணு கிண்ணம் வரவில்லை. சனி, ஞாயிறு வரவில்லை. ஊருக்குப் போயிருப்பாள் என்று சமையலக்கா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். திங்கள்கிழமையும் வரவில்லை. புதன்கிழமை காலை அந்தப் பெண்ணின் அறைத்தோழி பால் பாக்கெட் வாங்க வந்தாள். அவளும் ஒரு காலத்தில் கேலி செய்தவள்தான். இப்போது முகத்தில் அதெல்லாம் இல்லை.

"அவ ரூம விட்டே வர்றதில்லக்கா. கிளாஸுக்கும் போறதில்ல. பால் மட்டும் குடிக்கிறா, அதுவும் பாக்கெட்ட அவளே கத்தரிச்சாத்தான். நேத்து ஹெல்த் சென்டருக்குக் கூட்டிட்டுப் போய் டிரிப்ஸ் ஏத்தினாங்க. வார்டன் மேடம் அவங்கப்பாவுக்கு ஃபோன் பண்ணிட்டாங்க. சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறாராம். இந்த வருஷப் படிப்பு அவ்ளோதான்."

"என்னதான் சொல்றா?"

"கேட்டா ஒண்ணுமில்லங்கறா." தோழி குரலைத் தாழ்த்தினாள். "கவுன்சலர் மேடம்கிட்ட போயிட்டு இருந்தாள்ல, அவங்க ஒரு நோட்டுல, பயமில்லாம சாப்பிடற சாப்பாடெல்லாம் எழுதச் சொல்லியிருக்காங்க. அங்கேர்ந்து ஒவ்வொண்ணா கூட்டிக்கலாம்னு. மூணே மூணுதான் எழுதியிருந்தா. முதல்ல உங்க உருளைக்கிழங்கு. இப்போ அத அடிச்சிட்டா. முந்தாநேத்து அழுதுக்கிட்டே சொன்னா, 'எனக்கு இப்ப நாக்கும் கோளாறு, மண்டையும் கோளாறு. இல்லாதது எல்லாம் இருக்கற மாதிரி தெரியுது'ன்னு."

சமையலக்கா பால் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள்.

அன்று மதியம் அளவிடம் சொன்னாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். சமையலறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு உண்டு: பட்டியலில் இல்லாத எந்தப் பொருளையும் உணவில் சேர்க்கக்கூடாது. முன்பு ஒரு மாணவிக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கிப்போன பிறகு ஒட்டியது. "வாயை வச்சுக்கிட்டு சும்மா இரும்மா. வேலை போயிடும். நீ என்ன விஷமா வச்ச? காய்தானே வச்ச?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. பதினோரு வருடம் பக்கத்தில் நின்றவளை இழக்க அவருக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

மகனுக்கு ஃபோன் செய்தாள். வெளியூரில் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறவன். நலம் விசாரித்துவிட்டு, ஏதோ சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஏன்டா, சின்ன வயசுல உனக்கு முட்டைக்குள்ள கீரைய மறைச்சுக் குடுப்பேனே, உனக்குத் தெரியுமா?"

அவன் சிரித்தான். "தெரியாம என்ன. எல்லாம் தெரியும்."

"அப்புறம் ஏன்டா சாப்பிட்ட?"

"நீதான் பக்கத்துலயே உக்காந்து வாயையே பாத்துக்கிட்டு இருப்பியே. பாவமா இருக்கும்." பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது. "ஆனா ஒண்ணும்மா, இன்னைக்கு வரைக்கும் எதக் குடுத்தாலும் பிச்சுப் பாத்துட்டுத்தான் சாப்பிடறேன். உன் மருமக சண்டைக்கு வர்றா, நான் என்ன கல்லா போட்டிருக்கேன்னு."

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். ஃபோனை வைத்துவிட்டுச் சமையலக்கா வெங்காயக் கூடைமேல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வருடமாக மார்தட்டிக்கொண்ட கெட்டிக்காரத்தனம் அது. பிள்ளை தன்மேல் இரக்கப்பட்டு விழுங்கியிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை மதியம் பாத்திரம் கழுவுகிறவர்களிடம் சொல்லிவிட்டு, ஏப்ரனோடு மாடிப்படி ஏறினாள். பதினோரு வருடத்தில் அந்த விடுதியின் மூன்றாவது மாடிக்கு அவள் போனதே இல்லை. நடைபாதை முழுக்கக் கதவுகள், கதவுகளுக்கு வெளியே செருப்புகள். இந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருக்கிற வயிறுகளை எல்லாம் தெரியும், முகங்களைத்தான் கதவோடு சேர்க்கத் தெரியவில்லை. தோழி சொன்ன எண்ணைக் கண்டுபிடித்துத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தாம்மா. சமையலக்கா."

கட்டில் கிறீச்சிட்டது. யாரோ கதவுக்கு மறுபக்கம் வந்து நின்றதுபோல் இருந்தது, ஆனால் தாழ்ப்பாள் அசையவில்லை.

"என்னம்மா ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

சமையலக்காவுக்குச் சுரீர் என்றது. அதே சொல். கவுன்டரில் தான் சொன்ன அதே சொல், அதே வழுவழுப்பான குரல், உள்ளே எதையோ அரைத்து மறைத்து வைத்துக்கொண்டு. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் இந்தப் பெண் இன்னொரு 'சாரி' சொல்லிவிடுவாள் என்று பயந்து அடக்கிக்கொண்டாள்.

"காலிஃபிளவர் போட்டேன்மா," என்றாள் கதவைப் பார்த்து. "செவ்வாக்கிழமை ஒரு கரண்டி, புதன்கிழமை ரெண்டு, வியாழக்கிழமை மூணு. வேகவச்சு அரைச்சு, உருளைக்கிழங்குக்குள்ள. நீ கேட்டப்ப ஒண்ணுமில்லன்னு பொய் சொன்னேன். உனக்குத்தான் அப்படித் தோணுதுன்னு சொன்னது அதவிடப் பெரிய பொய்."

நல்லதுக்குத்தான் செய்தேன் என்ற வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதை அப்படியே விழுங்கினாள்.

கதவு திறந்தது. பெண் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றாள். கண்ணாடி இல்லாத முகம் இன்னும் சின்னதாகத் தெரிந்தது.

"செவ்வாக்கிழமையேவா?"

"ஆமாம்மா."

"எனக்கு செவ்வாக்கிழமையே தெரிஞ்சுது," என்றாள் அவள் மெதுவாக. "ஆனா நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே, அதனால நான்தான் தப்புன்னு நெனச்சு சாப்பிட்டேன். அப்புறம் எல்லாத்துலயும் அதே மாதிரி தெரிய ஆரம்பிச்சுது. பிஸ்கட்லகூட. தண்ணியிலகூட. ராத்திரியெல்லாம் யோசிச்சேன்க்கா, எனக்கு நிஜமாவே புத்தி கலங்கிடுச்சுன்னு." நிறுத்தினாள். உதடு கோணியது, சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே முடிவாகவில்லை. "அப்போ என் நாக்கு சரியாத்தான் இருக்கு."

"உன் நாக்கு மாதிரி ஒரு நாக்கு என் சமையக்கட்டுலயே இல்லம்மா."

அவள் சிரித்தேவிட்டாள். அப்புறம் கதவு நிலையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். சமையலக்கா கையை நீட்டப் போய், ஏப்ரனில் துடைத்து, மறுபடியும் தன்னிடமே வைத்துக்கொண்டாள். கேட்காமல் ஏற்கெனவே ஒன்று செய்தாயிற்று.

அழுது முடித்ததும் பெண் சொன்னாள்: "ஆனா உங்க உருளைக்கிழங்க இனிமே என்னால சாப்பிட முடியாதுக்கா. கோவத்துல சொல்லல. நெனச்சாலே தொண்டை மூடிக்குது. எனக்கு மத்தவங்க மாதிரி பிடிக்கல பிடிக்குதுன்னு இல்ல. உள்ள போகாது. அவ்ளோதான். யாருகிட்டச் சொன்னாலும் கொழுப்புங்கறாங்க."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றாள் சமையலக்கா. அதுவும் உண்மைதான், இன்றைக்கு உண்மையாகவே எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிடுவது என்று வந்திருந்தாள்.

அங்கிருந்து நேராக வார்டன் அறைக்குப் போய்ச் சொன்னாள். வார்டன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "அந்தப் பொண்ணுக்கு ஒத்துக்காத பொருளா இருந்திருந்தா? யோசிச்சீங்களா?" யோசிக்கவில்லை. வார்டன் எழுத்தில் விளக்கம் கேட்டாள். திங்கள்கிழமை மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னாள். சமையலக்கா தலையாட்டிவிட்டு வந்து, மீதிப் பாத்திரங்களைக் கவிழ்த்துவைத்தாள்.

சனிக்கிழமை காலை அவள் முதலில் எடுத்தது சாப்பாட்டுக் கூடத்துக் கரும்பலகையைத்தான். 'இன்று' என்பதற்குக் கீழே வழக்கமாக நாலு பெயர்தான் இருக்கும். இன்று ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், உள்ளே போன அத்தனையையும் உப்பு உட்பட எழுதினாள். அளவு வந்து பார்த்தார். "என்னம்மா, ரசத்துக்கு வாழ்க்கை வரலாறு எழுதறியா?"

"திங்கக்கிழமை வரைக்கும் எழுதறேன். அப்புறம் நீங்க எழுதுங்க."

அவர் சுண்ணக்கட்டியை வாங்கி, அவள் விட்டுவிட்ட மிளகை மட்டும் சேர்த்து எழுதினார்.

அப்புறம் உருளைக்கிழங்கு மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்தாள். சீவுகத்தியை எடுத்து ஒரு கிழங்கைப் பாதி சீவியிருப்பாள். கை நின்றது. தோலை எடுத்தாயிற்று என்றால் அது யார் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் செய்யக்கூடிய பொருள். மசித்தால் இன்னும் மோசம். தோலோடு இருக்கிற கிழங்குக்குள் யார் போய் எதை மறைக்க முடியும்? முழுசாக, கீறல் இல்லாததாக ஆறு கிழங்கைப் பொறுக்கி, கழுவி, தனிப் பானையில் போட்டாள். மூடி போடவில்லை.

பதினொரு மணிக்கு அப்பா வந்துவிட்டார். சாப்பாட்டுக் கூடத்தில் ஆளில்லாத மேசை ஒன்றில், காலுக்கடியில் காலிப் பையோடு உட்கார்ந்திருந்தார். சமையலக்கா தேநீர் கொண்டுபோய் வைத்தாள். அது ஆறிக்கொண்டிருந்தது.

"சின்னதுலேர்ந்தே இப்படித்தாங்க," என்றார், அவள் கேட்காமலே. "கெஞ்சிப் பாத்தோம். பட்டினி போட்டுப் பாத்தோம். அடிச்சும் பாத்தேன்." தேநீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எது செஞ்சாலும் பயந்துக்கிட்டேதான் பாக்கறா என்னை."

பெண் படியிறங்கி வந்தாள். தோழி பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெண் அப்பாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, கூடத்தின் நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அவள் பார்வை கரும்பலகைக்குப் போனது. மேலிருந்து கீழ் வரை வாசித்தாள். பிறகு இன்னொரு முறை வாசித்தாள்.

சமையலக்கா பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். கொதித்த தண்ணீரில் ஆறு கிழங்குகளும் தோலோடு ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. பக்கத்தில் ஒரு காலிக் கிண்ணம், ஒரு சின்ன உப்புக் கிண்ணம், ஓர் இடுக்கி. வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றாள். பக்கத்தில் உட்கார்ந்து வாயையே பார்க்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பிய கழுத்து அங்கேயே நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

அப்பா எழுந்திருக்கப் போனார். தோழி அவருக்கு வேண்டாம் என்று கைகாட்டினாள்.

பெண் பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இதுல..."

ஆறு மாதப் பழக்கம், 'ஒண்ணுமில்லம்மா' உதடு வரைக்கும் வந்தது. சமையலக்கா அதைப் பல்லால் பிடித்து நிறுத்தினாள்.

"தண்ணி இருக்கு. உப்பு இருக்கு, ஒன்றரை ஸ்பூன். கிழங்கு இருக்கு. மூட்டையிலேர்ந்து எடுத்துக் கழுவினது நான். கழுவினதோட சரி, வேற எதுக்கும் கை வைக்கல."

பெண் இடுக்கியால் ஒன்றைத் தூக்கினாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், கீறல் தேடி. கிண்ணத்தில் வைத்து, விரல் சுடச்சுட, ஊதிக்கொண்டே தோலை உரித்தாள். மெல்லிய தோல் சுருள் சுருளாக மேசைமேல் விழுந்தது. முழுக்க உரித்த பிறகு இரண்டு கையாலும் பிடித்து நடுவில் பிட்டாள். உள்ளேயிருந்து குப்பென்று ஆவி எழுந்து அவள் கண்ணாடி முழுவதையும் மூடிவிட்டது.

அவள் அதைத் துடைக்கவில்லை. ஒவ்வொரு கையிலும் ஒரு பாதியை வைத்துக்கொண்டு, கண்ணாடி தானாகத் தெளிந்து உள்ளே இருப்பது தெரியும் வரை அப்படியே நின்றாள். மற்றவர்களும் காத்திருந்தார்கள்.